சீனாவில் படிக்கக் கிளம்புகிறவர்களுக்கு: உலகத் தரவரிசைப் பட்டியலைப் பயன்படுத்துவது எப்படி?

சீனாவில் எங்கே படிக்கலாம் என்று விசாரிக்கும் மாணவர்கள் பெரும்பாலும் ஒரு எண்ணோடுதான் வருகிறார்கள். “ஒன்று உலகத்தில் 40-ஆவது இடம், இன்னொன்று 130-ஐத் தாண்டி இருக்கிறது. முதலாவதுதானே நல்லது?” இந்த இரண்டு எண்களும் ஒரே பல்கலைக்கழகத்துக்கு உரியவையாக இருக்கலாம். ஹஃபெய் நகரில் உள்ள சீன அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் (இனிச் சுருக்கமாக ஹஃபெய்) ஷாங்காய் பட்டியலில் முதல் 50-க்குள் இருக்கிறது. க்யூஎஸ் பட்டியலில் 130-ஐயும் தாண்டி இருக்கிறது. பேராசிரியர்கள் அதே ஆட்கள், ஆய்வகமும் அதேதான். மதிப்பெண் போடும் முறைதான் வேறு.

அதனால் பட்டியல்களே வீண் என்று சொல்ல வரவில்லை. சீனாவில் மூவாயிரம் உயர்கல்வி நிறுவனங்கள் இருக்கின்றன. மொழி தெரியாத ஒருவருக்கு அந்தக் கூட்டத்தில் நுழைய ஏதாவது ஒரு வாசல் வேண்டும். பட்டியல் நல்ல வாசல்தான். நுழைந்த பிறகு எப்படி நடப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. எந்தப் படிப்பு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

பட்டியலைத் திறப்பதற்கு முன்பே இது தெளிவாக வேண்டும். உலகத் தரவரிசைகள் பெரும்பாலும் அளப்பது ஆராய்ச்சியை. எனவே முனைவர் பட்டத்துக்குப் போகிறவருக்கு அவை அதிகம் உதவும். முதுகலைக்கு ஓரளவு உதவும். இளங்கலைக்குக் குறைவு. எம்பிபிஎஸ் படிக்கப் போகிறவருக்கு ஏறக்குறைய உதவாது என்றே சொல்வேன்; அதற்கான காரணத்தைக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

2. மூன்று பட்டியல்களும் எதை எண்ணுகின்றன?

முதலாவது ஷாங்காய் தரவரிசை. 2003-ல் ஷாங்காய் ஜியாவ்தோங் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. சீனப் பல்கலைக்கழகங்கள் உலகத்தின் முன்னணி நிறுவனங்களைவிட எவ்வளவு பின்தங்கியிருக்கின்றன என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கணக்கைப் போட்டார்கள். 2009 முதல் தனி நிறுவனம் ஒன்று வெளியிடுகிறது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 15-ல் வரும். இதில் யாரிடமும் கருத்துக் கேட்பதில்லை. முன்னாள் மாணவர்கள் வாங்கிய நோபல் மற்றும் ஃபீல்ட்ஸ் பரிசுகளுக்கு 10%, ஆசிரியர்கள் வாங்கியவற்றுக்கு 20%, அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வாளர்களுக்கு 20%, நேச்சர், சயின்ஸ் இதழ்களில் வந்த கட்டுரைகளுக்கு 20%, மொத்தக் கட்டுரை எண்ணிக்கைக்கு 20%, ஆசிரியர் தலைக்கு எவ்வளவு என்ற கணக்குக்கு 10%. வகுப்பில் பாடம் எப்படி நடக்கிறது என்று நேரடியாகப் பார்க்கும் அளவுகோல் ஒன்றுகூட இல்லை.

இரண்டாவது க்யூஎஸ். இதில் 30% கல்வியாளர்களிடம் கருத்துக் கேட்டுப் போடும் மதிப்பெண், 15% வேலை கொடுப்பவர்களிடம் கேட்டுப் போடுவது. பாதிக்குச் சற்றுக் குறைவான மதிப்பெண் ‘பேர் எப்படி?’ என்ற கேள்வியிலேயே போய்விடுகிறது. மேற்கோள்களுக்கு 20%, ஆசிரியர் மாணவர் விகிதத்துக்கு 10%. வெளிநாட்டு ஆசிரியர்கள், வெளிநாட்டு மாணவர்கள், பன்னாட்டு ஆய்வுத் தொடர்பு, வேலைவாய்ப்பு, சூழல் பொறுப்பு ஆகிய ஐந்துக்கும் தலா 5%.

மூன்றாவது டைம்ஸ் ஹையர் எஜுகேஷன். 2004 முதல் 2009 வரை இதுவும் க்யூஎஸ்ஸும் சேர்ந்தே ஒரு பட்டியலை வெளியிட்டன, பிறகு பிரிந்துவிட்டன. கற்பித்தல், ஆய்வுச் சூழல், ஆய்வின் தரம் என்ற மூன்றுக்கும் ஏறத்தாழ 30% வீதம் தருகிறது. கற்பித்தல் என்று தனித் தலைப்பே இருக்கிறதே என்று நம்பிவிட வேண்டாம். அதில் பெரும் பங்கு மறுபடியும் கருத்துக்கணிப்புதான்.

பீக்கிங், சிங்ஹுவா இரண்டும் எந்தப் பட்டியலில் பார்த்தாலும் உச்சியில் இருக்கும். 2026-க்கான க்யூஎஸ்ஸில் பீக்கிங் 14, சிங்ஹுவா 17. டைம்ஸில் சிங்ஹுவா 12, பீக்கிங் 13. 2025 ஷாங்காய் பட்டியலில் சிங்ஹுவா 18, பீக்கிங் 23. இங்கே பட்டியல்களுக்குள் பெரிய சண்டை இல்லை. முப்பதாவது இடத்தைத் தாண்டியதும்தான் எண்கள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கத் தொடங்கும். நம் மாணவர்களில் பெரும்பாலோருக்கு இடம் கிடைப்பதும் அந்தப் பகுதியில்தான். மூன்று பட்டியல்களிலும் பாருங்கள். மூன்றிலும் ஏறத்தாழ ஒரே இடத்தில் இருந்தால் அந்த எண்ணை நம்பலாம். ஒன்றில் மட்டும் தூக்கலாக இருந்தால் ஏன் என்று தேடுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். க்யூஎஸ் 2026 என்பது 2025 ஜூனிலேயே வந்துவிட்டது. டைம்ஸ் 2026 அதே ஆண்டு அக்டோபரில் வந்தது. ஷாங்காய் பட்டியல் வெளியான ஆண்டையே தலைப்பில் போடும். ஒப்பிடும்போது இதைக் கவனிக்காவிட்டால் வெவ்வேறு கால எண்களைக் கலந்துவிடுவீர்கள்.

3. மொத்த எண்ணை விடுங்கள், உட்பிரிவு மதிப்பெண்ணைத் திறங்கள்

பட்டியலில் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தட்டினால் ஒவ்வொரு அளவுகோலுக்கும் எவ்வளவு என்று தனித்தனியாக வரும். பலர் அந்தப் பக்கத்துக்குப் போவதே இல்லை. நான் முதலில் பார்க்கச் சொல்வது வெளிநாட்டு மாணவர்கள், வெளிநாட்டு ஆசிரியர்கள் என்ற இரண்டு வரிகளை.

முதலில் சொன்ன ஹஃபெய் க்யூஎஸ்ஸில் இறங்குவதற்கு ஒரு காரணம் இந்த வரிகள்தான்; மேற்கோள் மதிப்பெண் உச்சியில் இருக்கும், வெளிநாட்டவர் மதிப்பெண் தரையில் கிடக்கும். ஆராய்ச்சியைப் பொறுத்தவரை அது குறையே இல்லை. ஆனால் நீங்கள் அங்கே போய் வாழப்போகிறவர். அந்தக் குறைந்த மதிப்பெண்ணுக்கு உங்கள் அன்றாடத்தில் அர்த்தம் உண்டு: அலுவலக அறிவிப்புகள் சீனத்தில் மட்டும் வரலாம், ஹாஸ்டல் பொறுப்பாளரிடம் ஆங்கிலம் எடுபடாமல் போகலாம், பேச்சுத் துணைக்கு வெளிநாட்டு மாணவர்கள் கொஞ்சம் பேர்தான் இருப்பார்கள். சீனம் கற்கும் ஆர்வம் உள்ளவருக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆங்கிலத்தை மட்டும் நம்பிப் போகிறவருக்குச் சிரமம். ஒரே எண், ஆளைப் பொறுத்து நல்லதாகவும் கெட்டதாகவும் ஆகிறது.

4. பாடவாரியான பட்டியலுக்கு வாருங்கள்

என் கருத்தில் இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான படி இதுதான். சீனப் பல்கலைக்கழகங்கள் பலவும் 1950-களில் சோவியத் முறையில் துறைவாரியாகப் பிரிக்கப்பட்டவை. சுரங்கத்துக்கு ஒன்று, ரயில்வேக்கு ஒன்று, நெசவுக்கு ஒன்று, வேளாண்மைக்கு ஒன்று என்று அமைத்தார்கள். பிறகு எல்லாம் விரிந்து பல துறைப் பல்கலைக்கழகங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் பழைய துறையின் பலம் அப்படியே இருக்கிறது. மொத்தத் தரவரிசையில் அந்தப் பலம் கண்ணில் படாது.

உணவுத் தொழில்நுட்பத்தில் பி.டெக் முடித்து, முதுகலைக்குச் சீனா போக நினைக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மொத்தப் பட்டியலைப் பார்த்தால் அவர் செஜியாங், ஷாங்காய் ஜியாவ்தோங் என்று எழுதிக்கொண்டு எழுந்துவிடுவார். ஷாங்காய் தரவரிசையின் பாடவாரிப் பக்கத்தில் உணவு அறிவியலைத் திறந்தால் உச்சியில் இருப்பது வூஷி நகரின் ஜியாங்னான் பல்கலைக்கழகம்; பல ஆண்டுகளாக உலகத்திலேயே முதலிடம். மொத்தப் பட்டியலில் ஜியாங்னானைத் தேட நிறையப் பக்கங்கள் கீழே போக வேண்டும். நொதித்தல், மாவுப்பொருள், எண்ணெய் என்று உணவின் ஒவ்வொரு கிளைக்கும் ஆய்வகங்கள் இருக்கும் இடம் அது. செஜியாங்கிலும் உணவுத் துறை நன்றாகவே இருக்கிறது. ஆனால் அங்கே கடும் போட்டிக்கு நடுவே உதவித்தொகை கிடைப்பதைவிட ஜியாங்னானில் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். அப்புறம், வேலை தரும் உணவு நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவில் உட்கார்ந்திருப்பவருக்கு ஜியாங்னான் என்ற பெயர் நன்றாகவே தெரிந்திருக்கும்.

இப்படியே மற்றத் துறைகளிலும். தொலையுணர்வு, நில அளவை என்றால் வூஹான் பல்கலைக்கழகம். கட்டுமானப் பொறியியல் என்றால் ஷாங்காயின் தோங்ஜி. நெசவு என்றால் ஷாங்காயின் தோங்ஹுவா. ரயில் என்றால் செங்டுவின் தென்மேற்கு ஜியாவ்தோங். சுரங்கம் என்றால் ஷூசோவில் இருக்கும் சீனச் சுரங்கத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். வேளாண்மைக்கு பெய்ஜிங்கின் சீன வேளாண் பல்கலைக்கழகம். வானூர்திப் பொறியியலுக்குப் பெய்ஹாங்.

கடைசியாகச் சொன்ன பெய்ஹாங்கும், ஹார்பின் தொழில்நுட்பக் கழகமும், ஷிஆனில் உள்ள வடமேற்குப் பாலிடெக்னிக் பல்கலைக்கழகமும் அமெரிக்க வணிகத் துறையின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. 2020 ஜூனில் ஹார்பினில் மேட்லாப் மென்பொருளின் உரிமம் திடீரென்று நின்றுபோனதற்குக் காரணம் அதுதான். பாதுகாப்புத் துறையோடு தொடர்புள்ள இந்த இடங்களில் படித்துவிட்டுப் பிற்பாடு அமெரிக்காவுக்கு ஆராய்ச்சிக்குப் போக நினைப்பவர்கள் இதை இப்போதே யோசித்துக்கொள்ள வேண்டும். எந்தத் தரவரிசையிலும் இதற்கென ஒரு வரி கிடையாது.

5. சீனாவே போட்ட பட்டியல்களையும் சேர்த்துப் பாருங்கள்

உலகப் பட்டியலில் எண் ஏறும், இறங்கும். சீனாவுக்குள் வேலை கொடுப்பவர்கள் இன்றும் கேட்பது “985-ஆ, 211-ஆ?” என்றுதான். 1995-ல் தொடங்கிய 211 திட்டத்தில் நூற்றுக்கும் சற்று அதிகமான பல்கலைக்கழகங்கள். 1998 மே மாதத்தில் அறிவிக்கப்பட்ட 985 திட்டத்தில் 39. அந்த 39-க்குள்ளும் மேலே ஒன்பது பேர் கூட்டணி ஒன்று இருக்கிறது; சி9 என்பார்கள். பீக்கிங், சிங்ஹுவா, ஃபூடான், ஷாங்காய் ஜியாவ்தோங், செஜியாங், நான்ஜிங், ஹஃபெய், ஷிஆன் ஜியாவ்தோங், ஹார்பின் ஆகியவை. 2017-ல் இந்தத் திட்டங்களுக்குப் பதிலாக ‘இரட்டை முதல்தரம்’ என்ற புதிய திட்டம் வந்தது. 2022-ல் அதைத் திருத்தியபோது 147 நிறுவனங்கள் இடம்பெற்றன. இதன் சிறப்பு, பல்கலைக்கழகத்தை மட்டும் சொல்லாமல் எந்தத் துறைக்காகத் தேர்வு செய்தோம் என்றும் சொல்வது.

இதோடு 2017 டிசம்பரில் சீனக் கல்வி அமைச்சு சார்பில் வெளியான நான்காவது சுற்றுத் துறை மதிப்பீட்டையும் தேடிப் பாருங்கள். ஏ பிளஸ் முதல் சி மைனஸ் வரை தரம் போட்டிருப்பார்கள். உணவு அறிவியலில் ஏ பிளஸ் வாங்கியவை ஜியாங்னானும் சீன வேளாண் பல்கலைக்கழகமும். கொஞ்சம் பழைய மதிப்பீடுதான்; ஆனாலும் சீனப் பேராசிரியர்கள் தங்கள் துறையைப் பற்றிப் பேசும்போது இதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். உலகப் பாடவாரிப் பட்டியலும் இந்த மதிப்பீடும் ஒரே பெயரைச் சொன்னால் தைரியமாக அதை உங்கள் பட்டியலில் எழுதலாம்.

2022-ல் ரென்மின், நான்ஜிங், லான்சோ ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் வெளிநாட்டுத் தரவரிசைகளுக்கு இனி தகவல் தருவதில்லை என்று ஒதுங்கியதாகச் செய்தி வந்தது. ரென்மின் பெயரை ஏதாவது ஒரு பட்டியலில் காணவில்லை என்றால் அதைத் தரக்குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சமூக அறிவியலிலும் சட்டத்திலும் சீனாவிலேயே முதல் வரிசை அது.

6. பெயரையும் வளாகத்தையும் சரிபாருங்கள்

ஜியாவ்தோங் என்ற பெயரில் ஷாங்காய், ஷிஆன், பெய்ஜிங், செங்டு எனப் பல ஊர்களில் தனித்தனிப் பல்கலைக்கழகங்கள். சுரங்கம், பெட்ரோலியம், புவி அறிவியல் ஆகியவற்றுக்கு ஒரே பெயரில் இரண்டிரண்டு நிறுவனங்கள், வேறு வேறு ஊர்களில். செஜியாங் பல்கலைக்கழகம் வேறு, செஜியாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வேறு, செஜியாங் ஆசிரியர் கல்விப் பல்கலைக்கழகம் வேறு. நான்ஜிங் என்று தொடங்கும் பெயர்கள் இதைவிட நீளம். முன்னணிப் பல்கலைக்கழகத்தின் எண்ணைக் காட்டி, பெயர் ஒத்த இன்னொன்றில் சேர்த்துவிடும் ஏஜெண்டுகள் உண்டு.

இதற்கு எளிய வழி, நிறுவனக் குறியீட்டு எண். ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் சீனக் கல்வி அமைச்சு ஐந்து இலக்க எண் கொடுத்திருக்கிறது. பீக்கிங் 10001, சிங்ஹுவா 10003, ஃபூடான் 10246, ஷாங்காய் ஜியாவ்தோங் 10248, நான்ஜிங் 10284, செஜியாங் 10335, ஹஃபெயின் சீன அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 10358. அனுமதிக் கடிதத்தில் இருக்கும் சீனப் பெயரை அமைச்சின் பட்டியலில் தேடி இந்த எண்ணோடு ஒப்பிட்டால் குழப்பம் தீர்ந்துவிடும்.

வளாகத்தையும் கேளுங்கள். ஹார்பின் தொழில்நுட்பக் கழகத்துக்கு வெய்ஹாயிலும் ஷென்ஜெனிலும் வளாகங்கள் உண்டு. ஷாண்டோங் பல்கலைக்கழகம் ஜினான், சிங்தாவ், வெய்ஹாய் என மூன்று ஊர்களில் பரந்து கிடக்கிறது. ஜனவரியில் ஹார்பின் ஊரில் மைனஸ் 20-க்குக் கீழே போகும் குளிர். ஷென்ஜெனில் மெல்லிய ஸ்வெட்டர் போதும். தரவரிசையில் இரண்டுக்கும் ஒரே எண். மலேசியத் தமிழ் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு: 985 வரிசையைச் சேர்ந்த ஷியாமென் பல்கலைக்கழகத்துக்குச் சிப்பாங்கிலேயே வளாகம் இருக்கிறது.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு கூட்டாக நடப்பவை தனி வகை. நிங்போவின் நாட்டிங்ஹாம், சூசோவின் ஷிஆன் ஜியாவ்தோங் லிவர்பூல், நியூயார்க் பல்கலைக்கழக ஷாங்காய், டியூக் குன்ஷான் போன்றவை. பாடம் ஆங்கிலத்தில், கட்டணம் பல மடங்கு. இவற்றுக்குத் தாய் நிறுவனத்தின் எண்ணைக் காட்டி விளம்பரம் செய்வார்கள். அந்த எண் அந்த வளாகத்தை அளந்து வந்ததல்ல. ஹாங்காங் பல்கலைக்கழகங்கள் சீனா என்ற தலைப்பில் சேர்ந்து வரலாம். விசா, கட்டணம், பயிற்றுமொழி எல்லாமே வேறு கதை.

7. எந்த மொழியில் பாடம் என்று எழுத்தில் வாங்குங்கள்

பல்கலைக்கழகம் உயரத்தில் இருப்பதும் உங்கள் பாடம் ஆங்கிலத்தில் இருப்பதும் இரண்டு வேறு விஷயங்கள். ஆங்கிலவழிப் படிப்புகளின் பட்டியல் பன்னாட்டு மாணவர் பிரிவின் இணையதளத்தில் இருக்கும். உங்கள் படிப்பு அதில் இல்லையென்றால் இல்லைதான். சீனவழி இளங்கலைக்குப் பொதுவாக எச்எஸ்கே என்ற சீன மொழித் தேர்வில் 4 அல்லது 5-ஆம் நிலை கேட்பார்கள். இளங்கலைக்கு வரும் வெளிநாட்டவருக்காக சிஎஸ்சிஏ என்ற திறன் தேர்வும் 2025 டிசம்பரில் தொடங்கியிருக்கிறது. கணிதம், இயற்பியல், வேதியியல் பாடங்கள் உண்டு. நீங்கள் விண்ணப்பிக்கும் இடம் அதைக் கேட்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எம்பிபிஎஸ் போகிறவர்களுக்குத் தனியாக

நம்மிடமிருந்து சீனா போகிறவர்களில் பெரும் பங்கு மருத்துவ மாணவர்கள்தான். பெற்றோர் கடன் வாங்கி அனுப்புகிற படிப்பு இது. அதனால் கொஞ்சம் நிதானமாகவே எழுதுகிறேன்.

மருத்துவத்தில் ஒரு பல்கலைக்கழகம் மேலே இருக்கிறது என்றால் அதன் பேராசிரியர்கள் நிறைய ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். வெளிநாட்டு மாணவர்களுக்கான ஆங்கிலவழி எம்பிபிஎஸ் வகுப்பு தனியாக நடக்கிறது. அங்கே யார் பாடம் எடுக்கிறார், எத்தனை மணி நேரம் வார்டில் நிறுத்துகிறார்கள் என்பதைத் தரவரிசை பார்ப்பதில்லை. எனவே இங்கே தரவரிசையை ஓரமாக வைத்துவிட்டு வேறு வரிசையில் போக வேண்டும்.

முதலில் சட்டம். இந்திய மாணவர்களுக்கு நீட் தகுதி கட்டாயம். தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் வெளியிட்ட விதிப்படி, வெளிநாட்டில் குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி, ஆங்கிலவழிப் பாடம் ஆகியவை வேண்டும். படிக்கும் நாட்டில் அந்நாட்டுக் குடிமகனைப் போலவே மருத்துவராகத் தொழில் செய்யத் தகுதி தரும் பட்டமாகவும் அது இருக்க வேண்டும். சீனாவில் அந்த உரிமத் தேர்வு சீன மொழியில் நடக்கிறது. எனவே “சீனம் தேவையே இல்லை, எல்லாம் ஆங்கிலம்தான்” என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். உரிமத் தேர்வு இருக்கட்டும், வார்டில் படுத்திருக்கும் நோயாளி தன் வலியைச் சீனத்தில்தானே சொல்வார்?

இரண்டாவது, அனுமதி. ஆங்கிலவழியில் வெளிநாட்டவருக்கு எம்பிபிஎஸ் நடத்தலாம் என்று சீனக் கல்வி அமைச்சு அனுமதித்த கல்லூரிகள் 45 என்று பெய்ஜிங்கில் உள்ள இந்தியத் தூதரகம் 2022-ல் வெளியிட்ட அறிவுறுத்தலில் இருக்கிறது. சேரும் ஆண்டில் அந்தப் பட்டியலில் உங்கள் கல்லூரி இருக்கிறதா என்று தூதரக இணையதளத்தில் பாருங்கள். அந்த அறிவுறுத்தலை முழுதாகப் படிக்கச் சொல்வேன். 2015 முதல் 2021 வரை சீனாவில் படித்துவிட்டு, வெளிநாட்டில் மருத்துவம் முடித்தவர்களுக்கான எஃப்எம்ஜிஇ என்ற தகுதித் தேர்வை இந்தியாவில் எழுதியவர்கள் 40,417 பேர், தேறியவர்கள் 6,387 பேர் என்ற கணக்கும் அதில் இருக்கிறது. நூற்றுக்குப் பதினாறு பேர்.

மூன்றாவது, உண்மையில் உங்களுக்கு வேண்டிய தரவரிசை. எஃப்எம்ஜிஇ-ஐ நடத்தும் தேசியத் தேர்வு வாரியம் கல்லூரிவாரியாக எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்ற கணக்கை வெளியிட்டிருக்கிறது. உலகத் தரவரிசையில் பேர்பெற்ற பல்கலைக்கழகத்தையும் பேர் அதிகம் கேள்விப்படாத மருத்துவப் பல்கலைக்கழகத்தையும் இதில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விகிதத்தை மட்டும் பார்க்காமல் எழுதியவர்களின் எண்ணிக்கையையும் பாருங்கள். நான்கு பேர் எழுதி இரண்டு பேர் தேறினாலும் அது 50% என்றுதான் வரும்.

இலங்கை மாணவர்கள் இதே வேலையை இலங்கை மருத்துவச் சபையின் அங்கீகாரப் பட்டியலிலிருந்து தொடங்க வேண்டும். திரும்பி வந்ததும், மருத்துவராகப் பதிவு செய்வதற்கான ஈஆர்பிஎம் தேர்வு இருக்கிறது. உயர்தரப் பெறுபேறு குறித்த சபையின் நிபந்தனையைச் சேர்வதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

8. எண்ணுக்கு நிஜமாகவே மதிப்புள்ள இடங்கள்

சில கதவுகள் அந்த எண்ணைப் பார்த்துத்தான் திறக்கின்றன. உங்கள் திட்டத்தில் இவை இருந்தால் மொத்தத் தரவரிசையை முன்னால் கொண்டு வாருங்கள்.

பிரிட்டன் 2022-ல் கொண்டுவந்த ஹெச்பிஐ விசாவுக்கு வேலை கையில் இருக்க வேண்டியதில்லை. குறிப்பிட்ட பல்கலைக்கழகங்களில் வாங்கிய பட்டம்தான் முக்கியத் தகுதி. க்யூஎஸ், டைம்ஸ், ஷாங்காய் மூன்றில் குறைந்தது இரண்டில் முன்னணி இடம் என்ற அடிப்படையில் அந்தப் பட்டியலைத் தயாரிக்கிறார்கள். பீக்கிங், சிங்ஹுவா, ஃபூடான், ஷாங்காய் ஜியாவ்தோங், செஜியாங் அதில் வந்திருக்கின்றன. நீங்கள் சேர்ந்த ஆண்டின் பட்டியல் கணக்கில்லை, பட்டம் வாங்கிய ஆண்டின் பட்டியல்தான் கணக்கு. ஹாங்காங்கின் உயர்திறன் அனுமதித் திட்டத்துக்கும் இப்படியொரு பல்கலைக்கழகப் பட்டியல் உண்டு.

இந்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை, பட்டியல் சாதி மாணவர்கள் உள்ளிட்டோருக்கு முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் கிடைப்பது. அதற்கு க்யூஎஸ்ஸில் முதல் 500-க்குள் இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். அந்த உதவியை நம்பியிருப்பவர் ஜியாங்னான் மாதிரி இடங்களை எழுதும் முன் க்யூஎஸ் எண்ணைப் பார்த்தே ஆக வேண்டும்.

9. பணம், விண்ணப்பம், நாள்

சீன அரசு உதவித்தொகையை சிஎஸ்சி என்பார்கள். கட்டணமும் ஹாஸ்டலும் காப்பீடும் போக, மாதம் இளங்கலைக்கு 2,500, முதுகலைக்கு 3,000, முனைவர் பட்டத்துக்கு 3,500 யுவான். வயது வரம்பு முறையே 25, 35, 40. தூதரகம், அரசு வழியாகப் போவது ஒரு வகை. பல்கலைக்கழகத்துக்கே நேராக விண்ணப்பிப்பது இன்னொரு வகை. மாகாண அரசுகளும் தருகின்றன. வூஷி, நான்ஜிங், சூசோ இருக்கும் ஜியாங்சு மாகாணத்துக்கு ‘ஜாஸ்மின்’ என்ற பெயரில் உதவித்தொகை உண்டு. உயரத்தில் இருக்கும் ஒன்று, துறையில் பலமாக இருந்தும் மொத்தப் பட்டியலில் நடுவில் இருப்பவை இரண்டு என்று விண்ணப்பத்தைப் பிரித்துக்கொள்வது நல்லது. மூன்றையும் சி9-க்கே அனுப்பிவிட்டுக் காத்திருப்பது வீண் துணிச்சல்.

செப்டம்பர் சேர்க்கைக்கு முந்தைய நவம்பரில் வேலையைத் தொடங்குங்கள். முதுகலைக்கும் ஆராய்ச்சிக்கும் போகிறவர்கள் டிசம்பருக்குள் பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட வேண்டும். “மதிப்பிற்குரிய ஐயா, உங்கள் பல்கலைக்கழகம் உலகத் தரவரிசையில்...” என்று தொடங்கும் கடிதங்கள் அவர்களுக்குக் கட்டுக் கட்டாக வருகின்றன. அவருடைய சமீபத்திய கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் எந்தப் பகுதியில் நீங்கள் வேலை செய்ய முடியும் என்று நான்கு வரி எழுதுங்கள். பதில் வந்தால் அவரிடம் படிக்கும் வெளிநாட்டு மாணவர் ஒருவரின் தொடர்பைக் கேட்டு வாங்கி, ஆய்வகக் கூட்டம் எந்த மொழியில் நடக்கிறது, பட்டம் வாங்க எத்தனை கட்டுரை கேட்கிறார்கள் என்று விசாரியுங்கள். இந்த இரண்டு பதில்களும் எந்தப் பட்டியலையும்விட உங்களுக்குப் பயன்படும்.

விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. காவல்துறை நன்னடத்தைச் சான்று, சீனாவின் வெளிநாட்டவர் உடற்பரிசோதனைப் படிவம், சான்றிதழ்களின் மொழிபெயர்ப்பு ஆகியவற்றுக்கு நாள் பிடிக்கும். கடைசி வாரத்தில் ஓட வேண்டாம். கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள், ஏஜெண்டின் சொந்தக் கணக்குக்கு ஒரு ரூபாய்கூடப் போகக்கூடாது.

இடம் கிடைத்ததும் அனுமதிக் கடிதத்தோடு ஜேடபிள்யூ 201 அல்லது 202 என்ற படிவம் வரும். அரசு உதவித்தொகைக்காரர்களுக்கு 201, மற்றவர்களுக்கு 202. இரண்டையும் வைத்து எக்ஸ்1 விசா வாங்க வேண்டும். எக்ஸ்2 என்று வாங்கித் தந்தால் மறுத்துவிடுங்கள், அது 180 நாட்களுக்குள் முடியும் படிப்புகளுக்கானது. சீனாவில் இறங்கிய 30 நாட்களுக்குள் எக்ஸ்1-ஐத் தங்கும் அனுமதியாக மாற்றிக்கொள்ள வேண்டும். பன்னாட்டு மாணவர் அலுவலகம் நாள் குறித்துக் கொடுக்கும், பாஸ்போர்ட்டோடு நேரில் போக வேண்டியது நீங்கள்.